ஈரலுக்கு ஒரு வாய்ப்பூட்டு

குடிக்கிறவனைத் திருத்துவதற்கு ஊரில் ஆயிரம் பேர் உண்டு. குடியை விட்டவனை அவன் பாட்டுக்கு விட்டுவைக்கத்தான் ஆள் கிடையாது. இந்த உண்மை லிஃப்ட் மெக்கானிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அதற்குள் அவர் படாத பாடு பட்டுவிட்டார்.

அவர் குடியை விட்டதற்கு எந்த டாக்டரும் காரணமில்லை. உயரமான கட்டடம் ஒன்றில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை சொன்னதை இடது கை கேட்கவில்லை. ஸ்பானர் நழுவி இருட்டுக்குள் போய், ரொம்ப நேரம் கழித்து அடியில் 'ணங்' என்றது. அந்தச் சத்தம் மேலே வந்து சேர்வதற்குள் அவருக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அடுத்து விழப்போவது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் "போதும்" என்றார். எது போதும் என்று அவளும் கேட்கவில்லை.

விடுவது ஒரு நாள் வேலை, விட்டபடியே இருப்பது தினசரி வேலை. பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், மருந்துக்கடையையும் சலவைக்கடையையும் இரு பக்கமும் காவலுக்கு வைத்துக்கொண்டு ஒரு மதுக்கடை இருந்தது. மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். சாயந்திரம் அவள் நிறுத்தத்திலேயே காத்திருப்பாள். இருவரும் சேர்ந்து நடப்பார்கள். கடைப்பக்கம் அவள், ரோட்டுப்பக்கம் இவர். கடை நெருங்கியதும் அன்று வந்த நோயாளிகளில் யாராவது ஒருவருடைய ஞானப்பல்லைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பிப்பாள். கடையைத் தாண்டியதும் அந்தப் பல் என்ன ஆயிற்று என்று சொல்லாமலே நிறுத்திவிடுவாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் அவள் தன் கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரே ஊசி, அப்புறம் குடிக்கவே முடியாது என்று போட்டிருந்ததாம்.

"அதான் விட்டுட்டேனே. அப்புறம் எதுக்கு ஊசி?" என்றார் மெக்கானிக்.

"சாத்தி வெச்சிருக்கீங்க. பூட்டலை. எனக்கு என்னிக்காவது காய்ச்சல் வந்து, நிறுத்தத்துக்கு வர முடியலைன்னா?"

அவளுக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருந்தது, அவளைவிட அதிகமாகவே இருந்தது. தன்னை நம்பாதவர்களின் பட்டியலில் முதல் ஆள் அவர்தான்.

ஊசி போடும் அந்த இடத்துக்கு நச்சுநீக்க மரபணு அமைதி மையம் என்று பெயர். எல்லோரும் அமைதி மையம் என்பார்கள். கண்ணாடிக் கட்டடம். முகப்பில், பளிங்கில் செதுக்கிய ஒன்று மெழுமெழுவென்று சாய்ந்து கிடந்தது. நடந்து வந்த களைப்பில் மனைவி அதில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எழுந்திருங்க. அது ஈரல்" என்றார் வாட்ச்மேன்.

உள்ளே ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. கையை நீட்டினால் குளுகுளுவென்று ஸ்பிரிட் ஜெல் விழும். தேய்த்துக்கொண்டால்தான் கதவு திறக்கும். ஏழெட்டுக் கதவு தாண்டி இயக்குநரின் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இயக்குநர் பெரிய மனிதர். பேசும்போது எதிரில் இரண்டு பேர் இருந்தாலும் இருநூறு பேர் இருப்பதுபோலத்தான் பேசுவார்.

"மது உள்ள போனதும் ஈரல் அதை ஒரு விஷமா மாத்துது. அந்த விஷத்தை அள்ளி வெளிய கொட்ட ஒரு என்சைம் இருக்கு. குப்பை லாரிக்காரர்னு வெச்சுக்குங்க. அவர் ஒழுங்கா வேலை பார்க்கறதாலதான் நீங்க ஜாலியா குடிக்கறீங்க. நாங்க என்ன பண்றோம்? அந்த லாரிக்காரரை உண்டாக்கற மரபணுவோட வாயை அடைச்சுடறோம். குப்பை தெருவுலயே கிடக்கும். ஒரு மடக்கு குடிச்சாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குடிச்சது திரும்ப வெளிய வரும். அப்புறம் நீங்களே பாட்டிலைத் தொட மாட்டீங்க."

"வாயை எப்படி அடைப்பீங்க?" என்றாள் மனைவி.

"உத்தரவை ஒரு ஊர்தியில ஏத்தி அனுப்புவோம்."

"விளம்பரத்துல சின்ன எழுத்துல வைரஸ்னு போட்டிருந்துதே."

"அந்த வார்த்தைக்கு இங்க தடை. சளி கொடுக்கற சாதாரண ஜீவன்தான், பல்லைப் பிடுங்கியாச்சு. நாங்க ஊர்தின்னுதான் சொல்வோம்."

பல் பிடுங்கியது என்றதும் மனைவிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தொழில் புத்தி.

அடுத்த அறையில் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். கண்ணாடி போட்ட, அவசரமே இல்லாத பெண். கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்றார்.

"மூணு மாசம் ஆச்சு" என்றார் மெக்கானிக். ஆயுளில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு விஷயம்தான்.

ஒருங்கிணைப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயோ பாவம்" என்றார். "அப்ப உங்களுக்குத் தகுதி இல்லையே. இது குடிக்கிறவங்களுக்கான ஆய்வு. நீங்க நல்லா இருக்கீங்க."

"நல்லாவே இருக்கணும்னுதாம்மா வந்திருக்கேன்."

"புரியுது சார். ஆனா நல்லா இருக்கறவரை நாங்க எப்படி நல்லா ஆக்கறது? ஒரு வழி இருக்கு. நெறிமுறைக் குழுகிட்ட அனுப்பறேன். ரொம்பக் கண்டிப்பானவங்க. ஆனா மனிதாபிமானம் உள்ளவங்க."

நெறிமுறைக் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் மேசை. மேசைமேல் ஒரு பாட்டில், ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு பூச்சாடி. குழுத் தலைவர் வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டு பேசினார்.

"ஒருத்தரைக் குடிக்கச் சொல்றது மகா பாதகம். இந்தக் குழு உயிரோட இருக்கற வரைக்கும் அது இந்தக் கட்டடத்துல நடக்காது. அதே சமயம், வயசு வந்த ஒருத்தர் தானா எடுத்துக் குடிச்சா, அதைத் தடுக்கறது அவரோட சுதந்திரத்துல கை வெக்கறது. அதுவும் நடக்காது. நாங்க இப்ப கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்து உக்காரப் போறோம்."

ஐந்து பேரும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். நாற்காலிகளுக்குச் சக்கரம் இருந்ததால் சிரமம் இல்லை. அந்த அறையில் இது வழக்கம்தான் என்பது தரையில் சக்கரம் தேய்ந்த தடத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மெக்கானிக் பாட்டிலைப் பார்த்தார். பிறகு கதவின் கண்ணாடி வழியே வெளியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். உள்ளே பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவர் அசையவில்லை.

"மழை வரும்போல இருக்கு" என்றார் தலைவர், ஜன்னலைப் பார்த்தபடி. இன்னும் கொஞ்ச நேரம் போனது. "சாப்பாட்டு நேரத்துக்குள்ள எது நடந்தாலும் நல்லது. நாங்க எதையும் சொல்லலை."

மனைவி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். இத்தனை வருஷம் பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றியவள், இப்போது குடி என்கிறாள். ஒரு தடவை, அப்புறம் பூட்டு என்று அவருக்கும் தோன்றியது. ஊற்றிக் குடித்தார்.

மூன்று மாதமாக வாசலுக்கு வெளியே நின்றிருந்த பழைய கூட்டாளி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவருக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான். சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவரைக் கலங்க வைத்தது.

நாற்காலிகள் திரும்பின. "ஐயையோ, குடிச்சிருக்கீங்களே" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. "உங்களுக்கு உடனே சிகிச்சை தேவை." ஐந்து பேரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அன்று சாயந்திரம் கடையைத் தாண்ட ஒரு ஞானப்பல் போதவில்லை. முன்பல்லில் ஆரம்பித்து வரிசையாக எல்லாப் பல்லையும் பேசியபடி, மனைவி அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஊசி போட்டார்கள். இரண்டு நாள் மூக்கு ஒழுகியது. அவ்வளவுதான்.

முதல் மாதச் சோதனைக்குப் போனபோது காத்திருப்பு அறையில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். வாயாடி. "ஸ்டியரிங் மாணவன் கையில, பிரேக் என் காலடியில. அதான் என் தொழில். எனக்கே ஒருத்தன் பிரேக் போடுவான்னு நான் நினைக்கலை" என்றார்.

சோதனை என்பது எளிது. அளந்து ஊற்றிய மதுவை நர்ஸ் கொடுப்பாள், குடிக்க வேண்டும். மெக்கானிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் காது சுட்டது, முகம் தக்காளி ஆனது, நெஞ்சுக்குள் யாரோ மாடிப்படியில் ஓடினார்கள், குடல் மேலே வந்தது. அவர் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தபோது தலைக்குமேல் கணீர் என்று மணி அடித்தது. நர்ஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாழ்த்துகள் சார்" என்றாள்.

அமைதி மையத்தில் வாந்தி என்ற வார்த்தையும் கிடையாது. அதற்கு நற்பலன் என்று பெயர். ஒவ்வொரு நற்பலனுக்கும் மணி அடிப்பார்கள். மணிச் சத்தம் கேட்டால் எந்த அறையில் யார் என்ன வேலையில் இருந்தாலும் எழுந்து கை தட்ட வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. அன்று தாழ்வாரம் முழுக்கக் கைதட்டல் கேட்டது. மெக்கானிக்கை எதற்காகவும் யாரும் அதுவரை கை தட்டிப் பாராட்டியதில்லை. வாளிக்குள் தலையை வைத்துக்கொண்டு அவர் அதைக் கேட்டார். வெளியே மனைவி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான்.

அன்றிலிருந்து அவள் நிறுத்தத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தாலும் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று பார்ப்பதில்லை. இரவில் நன்றாகத் தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் குறட்டை விட்டு அவர் கேட்டதில்லை. அந்தக் குறட்டைக்காக எதையும் தாங்கலாம் என்று அவர் நினைத்தார்.

தாங்க வேண்டியவை வரிசையில் வந்தன. முதல் மாதம் அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போயிருந்தார்கள். இரண்டாம் மாதம் மையத்துக்குப் போனபோது கதவு கதவாக ஜெல் தேய்த்துக்கொண்டு போனார். ஸ்பிரிட்டும் ஒரு மதுதானே, நாலாவது கதவிலேயே முகம் சிவந்து, கண் சிவந்து, தள்ளாட ஆரம்பித்துவிட்டார். வாட்ச்மேன் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"குடிச்சுட்டு உள்ள போக முடியாது. பலகை இருக்கு பாருங்க."

"குடிக்கலைங்க. குடிக்கத்தான் உள்ள போறேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று வாட்ச்மேன் அவரை வெளியே கொண்டுபோய்ப் பளிங்கு ஈரலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். இயக்குநரிடம் புகார் போனது. அவர் ஆலோசனைக் கூட்டம் போட்டார். ஜெல் இல்லாமல் கதவு திறப்பது பாதுகாப்புக் குறைவு என்று முடிவானது. அதனால் மெக்கானிக்குக் கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். 'குடிக்காமல் சிவந்தவர்' என்று அதில் இருந்தது. சக்கர நாற்காலி ஒன்றும் ஒதுக்கப்பட்டது.

அட்டை மையத்துக்குள் செல்லுபடியாகும். வெளியே அவருக்கு வேலை என்று ஒன்று இருந்தது. லிஃப்ட் பலகையின் மின்தொடர்புகளை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பது மாதாமாதம் செய்கிற காரியம். ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்தவர் முகம் சிவந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். சிவந்த முகம், ஸ்பிரிட் வாசம், பழைய குடிகாரப் பெயர். மூன்றும் சேர்ந்தால் கணக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கூரைமேல ஏறாதே. அந்த மையத்துலேர்ந்து நீ குடிக்கறதில்லைன்னு எழுதி வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

மெக்கானிக் ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினார்.

"அப்படி எழுத முடியாதே சார்" என்றார் அவர். "எங்க பதிவுப்படி நீங்க மாசாமாசம் குடிக்கறீங்களே. எங்க முன்னாலேயே."

"நீங்கதானேம்மா ஊத்திக் குடுக்கறீங்க."

"அதனாலதான் எங்களுக்கு உறுதியா தெரியுது. வேணும்னா, மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் குடிக்கறார், ஒழுங்கா நற்பலன் குடுக்கறார்னு எழுதித் தரோம். முத்திரையோட."

அந்தக் கடிதத்தோடு மேற்பார்வையாளரைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து அவர் கீழே நின்று மற்றவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார்.

"இந்த மாசாமாசம் குடிக்கறதையாவது நிறுத்திடலாமே" என்று இயக்குநரிடமே கேட்டுப்பார்த்தார். "நான்தான் வெளிய குடிக்கறதே இல்லையே. எனக்கு எதுக்கு நினைவுபடுத்தறீங்க?"

இயக்குநர் அவரை அன்போடு பார்த்தார். "குடிச்சுப் பார்க்காம, உங்களால குடிக்க முடியலைங்கறதை நாங்க எப்படி நிரூபிக்கறது? நீங்க குடிக்காம இருக்கறதுல எங்களுக்கு எந்தப் பெருமையும் இல்லை. அதை யார் வேணாலும் செய்யலாம். குடிச்சும் முடியாம போகணும். அதுதான் விஞ்ஞானம்."

"சரிங்க. இந்தப் பூட்டு எத்தனை நாளைக்கு?"

"நல்ல கேள்வி. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வே. என்னிக்கு நீங்க குடிச்சு, ஒண்ணும் ஆகாம, மனசுக்கு இதமா இருக்கோ, அன்னிக்கு மரபணு வாயைத் திறந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே எங்களுக்குச் சொல்லணும். அது எங்களுக்குப் பெரிய பொக்கிஷம்."

"அப்ப திரும்ப ஊசி போடுவீங்களா?"

"முடியாது. உங்க உடம்பு இப்ப ஊர்தியோட முகத்தைப் பார்த்து வெச்சுக்கிச்சு. மறுபடி அனுப்பினா வாசல்லயே விரட்டிடும்."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"உங்களுக்குச் சான்றிதழ் உண்டு" என்றார் இயக்குநர்.

மெக்கானிக்குக் காலடியில் தரை இறங்கியது போல இருந்தது. லிஃப்ட்காரருக்கு அந்த உணர்ச்சி புதிதல்ல. ஆனால் எந்தத் தளத்தில் நிற்கும் என்று தெரியாமல் இறங்கியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், குறட்டையோடு. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துக்கொண்டார். மறுநாளும் அவள் நன்றாகத்தான் தூங்கினாள்.

அடுத்து வந்த மாதங்களில் முகம் தாமதமாகச் சிவந்தது. அப்புறம் காது மட்டும் சிவந்தது. அப்புறம் ஒரு தடவை, வாந்தி வருவதற்கு அவர் விரலை உள்ளே விட வேண்டியிருந்தது. மணி அடித்தது, கை தட்டினார்கள். கைதட்டலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் பெருவிழா வந்தது. மையத்துக்கு நிதி கொடுக்கிறவர்கள் தூரத்திலிருந்து வருகிறார்கள், மேடையிலேயே செய்துகாட்ட வேண்டும் என்றார் இயக்குநர். ஊசி போட்ட பன்னிரண்டு பேரும் வரிசையாக மேடைக்கு வர வேண்டும். மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு, பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் பேசினார்.

"சிலர் கேட்கிறார்கள், குடிப்பழக்கத்துக்குக் காரணமான வறுமை, வேலை, தனிமை இதையெல்லாம் யார் சரிசெய்வது என்று. நான் கேட்கிறேன், அவற்றுக்கெல்லாம் மரபணு இருக்கிறதா? இல்லை. இல்லாததை நாம் எப்படி அமைதிப்படுத்துவது? இன்னும் சிலர் கேட்கிறார்கள், பங்கேற்பாளரின் கருத்து என்ன என்று. பங்கேற்பாளர் பேசலாம், மாற்றிப் பேசலாம், அழலாம். ஈரல் பொய் சொல்லாது. ஆகவே நாங்கள் தொடக்கத்திலிருந்தே அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. ஈரலோடு மட்டும்தான் பேசுகிறோம்."

பலத்த கைதட்டல். நெறிமுறைக் குழுவினர் முதல் வரிசையில் இருந்தார்கள். மேடையில் தம்ளர்கள் வந்ததும், பழக்க தோஷத்தில் ஜன்னலைத் தேடினார்கள். அந்த மண்டபத்துக்கு ஜன்னல் இல்லாததால் கூரையைப் பார்த்தார்கள்.

ஒவ்வொருவராகக் குடித்தார்கள், வாந்தி எடுத்தார்கள், மணி அடித்தது, ஓரமாக உள்ளே அழைத்துப் போனார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் பிரமாதமாகச் செய்தார். மேடையிலேயே மண்டியிட்டு விழுந்தார். கடைசியில் மெக்கானிக்கின் முறை.

குடித்தார். காத்திருந்தார்.

காது சுடவில்லை. நெஞ்சு படபடக்கவில்லை. விரல் நுனியிலிருந்து மெதுவாக ஒரு கதகதப்பு ஏறியது. பழைய கூட்டாளி வந்துவிட்டான். இந்தத் தடவை செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சொந்த வீட்டுக்குள் வருகிறவன்போல, உள்ளே வந்து சாய்ந்து உட்கார்ந்தான்.

நர்ஸ் மணிக்கயிற்றைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். இரண்டாவது வரிசையில் மனைவி கைகளைக் கோத்துக்கொண்டு நுனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் சந்தேகத்தின் நிழல் விழுவதற்கு முன்பான அந்தக் கடைசி நிமிடத்தை அவர் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஐயா, பூட்டு போய்விட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது, யாராவது ஏதாவது செய்யுங்கள். சொன்னால் இவர்கள் சான்றிதழ் தருவார்கள். அவளுடைய தூக்கம் போய்விடும். இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

"சீக்கிரம் ஆகட்டும்" என்று இயக்குநர் உதடு அசையாமல் சொன்னார்.

மெக்கானிக் மூச்சை அடக்கினார். முகத்துக்கு ரத்தம் ஏறும்வரை அடக்கினார். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாளிமேல் குனிந்து, வயிற்றை எக்கி எக்கி, அன்று காலையில் சாப்பிட்டதைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்தார். கணீர் என்று மணி அடித்தது. மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. இயக்குநர் ஓடிவந்து முதுகைத் தடவினார். அந்த முதுகு கொஞ்சமும் சூடேறாமல் குளிர்ந்துதான் இருந்தது. தடவிய கை ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி தடவியது.

"ரொம்ப நன்றி. அடுத்த மாசமும் இதே மாதிரி" என்றார் காதோரமாக.

உள் அறையில் குழாயடியில் மற்ற பதினோரு பேரும் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். வாடிப்போன முகம் ஒன்றுகூட இல்லை. கண்கள் பளபளவென்று இருந்தன. ஒருவர் மெல்லிய குரலில் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக்கின் பக்கத்தில் வந்தார்.

"உனக்கு எப்பலேர்ந்து?"

"எது?" என்றார் மெக்கானிக்.

"சும்மா சொல்லுப்பா. நீ மூச்சை அடக்கினதை நான் இங்கேர்ந்து திரை இடுக்கு வழியா பார்த்தேன். நான் சோப்புத் தண்ணி குடிச்சுட்டு வருவேன். எனக்கு மூணு மாசமா."

மெக்கானிக் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் குழாயைப் பார்த்தார்கள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டார்.

"யார்கிட்ட சொல்றது? பொண்ணு என்னை இப்பதான் வீட்டுக்குள்ள விட்டிருக்கா" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். இருவரும் கொஞ்ச நேரம் ஒரே துண்டில் மாறி மாறி முகம் துடைத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது விளக்கு போடும் நேரம். மனைவி நல்ல உற்சாகத்தில் இருந்தாள். "டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டார். இத்தனை மாசம் ஆகியும் எப்படி வேலை செய்யுது பாருன்னார்" என்று சொல்லிக்கொண்டே ரோட்டுப்பக்கமாக நடந்தாள்.

அவருக்குள் உட்கார்ந்திருந்தவன் இன்னும் எழுந்து போகவில்லை. தூரத்தில் மருந்துக்கடையின் பச்சை விளக்கு தெரிந்தது. அதற்கு அடுத்த வெளிச்சம் எதனுடையது என்று அவருக்குத் தெரியும்.

"இந்தப் பக்கம் வந்து நடவேன்" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான். அந்த ஞானப்பல்காரர் ஒருத்தர் வந்தாரே, அவருக்கு என்ன ஆச்சு?"

"எந்த ஞானப்பல்காரர்?"

"யாரோ ஒருத்தர். கொஞ்சம் சொல்லிட்டே வா."

அவள் சிரித்தாள். "அது எல்லாம் அப்ப. சொன்னதுல பாதிப் பல்லு நான் இட்டுக்கட்டினது. இனிமே எதுக்குங்க அந்தப் பேச்சு, அதான் ஊசி இருக்கே."

"ஊசி..." என்று ஆரம்பித்தார்.

"நல்ல ஊசி" என்றாள் அவள். பாரம் இறங்கிய கழுத்தை அவள் ஒருமுறை சுற்றித் திருப்பிக்கொண்டதை அவர் பார்த்தார். "நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. மெதுவா வாங்க. நான் முன்னாடி போய் அடுப்பைப் பத்த வெக்கறேன்."

வேகமாக நடந்து போனாள். மருந்துக்கடையைத் தாண்டினாள், அடுத்ததைத் தாண்டினாள், சலவைக்கடையையும் தாண்டினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கத் தேவை இல்லை என்று அவள் நம்பினாள்.

அவர் ரோட்டுப்பக்கமாக மாறி, வழக்கம்போல நடந்து வந்தார். கடைக்கு நேராக வந்ததும் கால் நின்றது. கடைப்பக்கம் யாரும் இல்லை.